பட்டயப் பாடசாலையும் நமது உதவி நன்கொடைப் பாடசாலைகளும்

ஒரு பட்டதாரி ஆசிரியர், கரைத்தீவு

கல்வி மக்களுக்குக் கண் போன்றது என்பது நம் முன்னோர் கண்ட துணிபு. அக்கண்ணைத் திறந்துவைக்கும் கடமை யாருடையது? பெற்றோருடையதா, ஊராருடையதா, சமய தாபனங்களுடையதா, அன்றி அரசினுடையதா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு நாடும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கூறிவந்திருக்கிறது. செல்வர் வாழும் தெருக்களில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. அங்குப் பாடசாலைகள் தாமாகவே வந்து சேருகின்றன. நகரத்தின் நெரிந்த சந்துகளிலும், கடலோரத்துக் குடிசைகளிலும், தோட்டத்து லயங்களிலும் வாழும் பிள்ளைகளைப் பொறுத்தவரையிலேயே இது வாழ்வா தாழ்வா என்னும் வினாவாகிறது. அத்தகைய இடமொன்றில் பாடசாலை நிறுவ விரும்புவோர், பொருளுக்கு எங்குச் செல்வது, பொறுப்பை யார் ஏற்பது, பயனை யார் அளப்பது என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்க நாட்டிற் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பரவியுள்ள 'சார்ட்டர்' பாடசாலை முறையை நமது நாட்டின் பழைய உதவி நன்கொடை முறையோடு ஒப்புநோக்கி, அவற்றால் நாம் அறியத்தக்கவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டயம் என்பது யாது?

அரசர் ஒருவர் ஊருக்கோ கோயிலுக்கோ நிலமும் உரிமையும் வழங்கி, அதற்கு ஈடாக அவர்கள் ஆற்றவேண்டிய கடமையையும் வரையறுத்துச் செப்பேட்டிற் பொறித்துக் கொடுப்பதைப் பட்டயம் என்போம். 'சார்ட்டர்' என்னும் சொல்லின் பொருளும் அதுவே. ஆதலின் அப்பாடசாலைகளைப் பட்டயப் பாடசாலைகள் என வழங்குதல் பொருந்தும்.

இம்முறையின் சாரம் எளிது. ஆசிரியர் சிலரோ, பெற்றோரோ, பொதுநல அமைப்பொன்றோ ஒரு பாடசாலையை நடத்த முன்வருகின்றனர். அவர்கள் எதைக் கற்பிப்பர், எத்தகைய பிள்ளைகளைச் சேர்ப்பர், எவ்வளவு காலத்தில் என்ன பயனைக் காட்டுவர் என்பவற்றை எழுத்தில் வைத்து, சட்டத்தால் அதிகாரம் பெற்ற ஒரு சபையின் இசைவைப் பெறுகின்றனர். அரசு ஒவ்வொரு மாணவனுக்கும் இவ்வளவு எனக் கணக்கிட்டுப் பொதுப் பணத்தை வழங்குகிறது. பாடசாலை கட்டணம் வாங்கலாகாது. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல்முறையிலேயே பிள்ளைகளைத் தெரிதல் வேண்டும். ஆசிரியரை நியமித்தல், நேரசூசி வகுத்தல், பணத்தைச் செலவிடல் ஆகியவற்றில் நிருவாகத்தினருக்குச் சுதந்திரம் உண்டு. பெரும்பாலும் ஐந்து ஆண்டளவில் அமையும் தவணை முடிந்ததும், சொன்னதைச் செய்தார்களா என்று ஆராயப்படும். செய்திராவிடின் பட்டயம் புதுப்பிக்கப்படமாட்டாது, பாடசாலை மூடப்படும்.

இவ்வெண்ணத்தை முதலில் எடுத்துரைத்தவர் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட் என்பவர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க ஆசிரியர் சங்கத் தலைவர் அல்பேட் சாங்கர் அதனை நாடறியச் செய்தார். ஆசிரியர் தாமே புதுமுறைகளைச் சோதிக்கும் களமாக அதனை அவர் கருதினார். பின்னர் அது வேறு வழியிற் செல்வது கண்டு அவரே அதனைக் கண்டிப்பவராகவும் மாறினார். மினசோட்டா மாநிலம் 1991இல் முதற் சட்டத்தை இயற்றிற்று. 1992இல் சென் போல் நகரில் ஆசிரியர் சிலர் முன்னின்று, பாடசாலையைவிட்டு விலகிய இளைஞர்களுக்கென முதற் பட்டயப் பாடசாலையைத் திறந்தனர். இன்று அந்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பட்டயப் பாடசாலைகள் உள.

இவை யாவும் வெற்றி பெற்றன என்று கூறுதற்கில்லை. ஸ்டான்போட் பல்கலைக்கழக ஆய்வு நிலையமொன்று 2009இல் வெளியிட்ட அறிக்கை, கணித பாடத்தில் 17 சதவீதமான பட்டயப் பாடசாலைகளே அரசாங்கப் பாடசாலைகளினும் மேம்பட்டன என்றும், 37 சதவீதமானவை தாழ்ந்தன என்றும், எஞ்சியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை என்றும் கூறிற்று. அதே நிலையம் 2023இல் வெளியிட்ட ஆய்வு முன்னேற்றத்தைக் கண்டது. சிறப்பாக, நகரங்களில் வாழும் வறிய கறுப்பின, ஸ்பானிய மரபுப் பிள்ளைகள் நற்பயன் அடைந்தமையை அது எடுத்துக்காட்டியது. பொஸ்தன் நகரில் குலுக்கலில் இடம் பெற்ற பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் அவ்வாறே கூறுகின்றன. குலுக்கலில் வென்றோரும் தோற்றோரும் பெற்றோரின் ஆர்வத்தால் ஒத்தவர் ஆகையால், அவர்களிடையே பின்னர் காணப்படும் வேற்றுமைக்குப் பாடசாலையே காரணம் எனத் துணியலாம். ஆகவே, பெயரும் முறையும் தாமாகப் பயன் தருவனவல்ல. அவற்றை நடத்துவோரின் திறமும், அவர்களைக் கண்காணிப்போரின் உறுதியுமே பயனைத் தருவன என்பது போதரும்.

நாம் முன்னரே அறிந்த முறை

பொதுப் பணத்தைப் பெற்று, ஊராரோ சபையோ நடத்தும் பாடசாலை நமக்குப் புதிதன்று. ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் இலங்கைக் கல்வியின் பெரும்பகுதி அம்முறையிலேயே நடைபெற்றது. சட்டசபையின் மோர்கன் குழு 1867இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. எச்சமயத்தார் நடத்தும் பாடசாலையாயினும், உலகியற் பாடங்களை நன்கு கற்பிக்குமாயின் உதவி நன்கொடை பெறலாம் என்னும் விதி அதன்பின் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் 1854ஆம் ஆண்டின் வூட் அறிக்கையை ஒட்டி இத்தகைய நன்கொடை முறை எழுந்தது. தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் பள்ளிகள் என்னும் பெயரில் அது இன்றும் நிலவுகிறது.

அக்காலத்து நன்கொடை, பரீட்சைப் பேற்றுக்கேற்ப வழங்கப்பட்டது. பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் தொகைக்கு ஏற்பப் பணம் கிடைக்கும். இன்றைய பட்டயப் பாடசாலை முறையிற் பயனை அளந்து பட்டயத்தைப் புதுப்பிக்கும் வழக்கத்துக்கு இதனை முன்னோடி எனலாம். அதன் தீமையையும் நம் முன்னோர் கண்டனர். பரிசோதகர் வரும் நாளையே குறியாகக் கொண்டு ஆசிரியர் நெட்டுருப் பண்ணுவித்தனர். அளக்கப்படுவது எதுவோ அதுவே கற்பிக்கப்படும், அளக்கப்படாதது புறக்கணிக்கப்படும். அமெரிக்கப் பாடசாலைகளைப்பற்றி இன்று எழும் குறையும் இதுவே.

பணம் வருமுன் பாடசாலை

ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷனாரின் பாடசாலையில் ஆசிரியராயிருந்த பதவியைத் துறந்து, 1848ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்கு அரசாங்க நன்கொடை கிடைத்தது 1870இலேயாம். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளும் அப்பாடசாலை எதனால் நின்றது? கற்பிப்போர் தம் ஊதியத்தைப் பெரிதாக எண்ணாமையாலும், ஊரார் தம்மாலியன்றதை ஈந்தமையாலும் நின்றது. நாவலர் அதனோடு அமையவில்லை. பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் இல்லையெனக் கண்டு அச்சியந்திரத்தை வருவித்தார். பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். பாடசாலை, ஆசிரியர், பாடநூல் என்னும் மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதை அவர் செயலாற் காட்டினார்.

எனினும் தியாகம் ஒன்றே எக்காலமும் பாடசாலையைத் தாங்கமாட்டாது. 1872இல் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருள் முட்டுப்பாட்டால் நான்கு ஆண்டுகளில் மூடப்பட்டது. அவ்வெண்ணம் உருப்பெற, 1886இல் யாழ்ப்பாண நகரில் தொடங்கிய ஓர் ஆங்கிலப் பாடசாலையை 1890இல் சைவபரிபாலன சபையார் பொறுப்பேற்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தனியொருவரின் ஊக்கம் பாடசாலையைத் தொடங்கும். அமைப்பாகக் கூடிய சபையே அதனை நிலைநிறுத்தும். இவ்வுண்மையை உணர்ந்தே 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. நியாயவாதி சு. இராசரத்தினத்தின் அயரா உழைப்பால் அச்சங்கம் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் நிலையை எய்திற்று. பாடசாலைகளுக்கு வேண்டும் ஆசிரியரைப் பயிற்றத் திருநெல்வேலியில் 1928இல் சைவாசிரிய கலாசாலையையும் அது நிறுவிற்று. கிழக்கிலே சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் ஆற்றிய கல்விப்பணியும் இவ்வகையினதே.

நகரச் சந்துகளில் எழுந்த பாடசாலைகள்

நகரத்து வறியோருக்கெனப் பாடசாலை நிறுவிய வரலாற்றுக்குச் சென்னை சிறந்த சான்று. 1794இல் காலமான பச்சையப்ப முதலியாரின் தருமசொத்துப் பல்லாண்டு வழக்கிற் சிக்கிக் கிடந்து, ஈற்றில் நீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்டது. அதன் ஒரு பகுதியைக்கொண்டு 1842ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, அக்காலத்திற் கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியில், வறிய இந்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிக்கும் பாடசாலை திறக்கப்பட்டது. மிஷனாரையோ அரசினரையோ எதிர்பாராது இந்துக்களின் பொருளாலேயே எழுந்த பாடசாலை அது.

கொழும்பிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. 1886இல் புறக்கோட்டையில் 37 மாணவரோடு தொடங்கிய பௌத்த ஆங்கிலப் பாடசாலையே பின்னர் ஆனந்தாக் கல்லூரியாயிற்று. 1892இல் மருதானையில் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார் முதலியோரின் முயற்சியால் எழுந்ததே சாஹிராக் கல்லூரி. 1951இல் பம்பலப்பிட்டிப் பிள்ளையார் கோயிலைச் சார்ந்து பிள்ளையார் பாடசாலை என்னும் பெயரில் தொடங்கியதே கொழும்பு இந்துக் கல்லூரி. இன்று பெரிய மண்டபங்களோடு விளங்கும் இக்கல்லூரிகள் பலவும் இரவல் இடத்தில், சில பலகைகளோடு தொடங்கியவை என்பதை இன்றைய மாணவர் மறத்தலாகாது.

நகரத்திற் பாடசாலை நிறுவுவோருக்கு அக்காலத்தில் எதிர்ப்பட்ட பெருந்தடை, கால் மைல் விதியாகும். ஏற்கெனவே உள்ள பாடசாலையொன்றிலிருந்து கால் மைல் தூரத்துக்குள் எழும் புதுப் பாடசாலைக்கு நன்கொடை இல்லை என அது விதித்தது. பொதுப் பணத்தை வீணாக்காமை என்னும் காரணம் தோற்றத்தில் நியாயமானது. ஆயினும் நகரத்தில் முன்னரே இடம்பிடித்திருந்தவர் மிஷனார். பின் வந்த சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் தம் மக்கள் வாழும் தெருவிலேயே நன்கொடை இழந்தனர். நடுநிலையாய்த் தோன்றும் விதியும், முந்தியவனுக்கு அரணாகவும் பிந்தியவனுக்கு மதிலாகவும் அமையலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

'ஊரார்' என்பவர் யார்?

ஊரார் நடத்தும் பாடசாலை என்று பெருமையுடன் கூறும்போது, அவ்வூராருள் யார் அடங்குவர் என்றும் கேட்டல் வேண்டும். பச்சையப்பன் தருமப் பாடசாலையின் கதவு, ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. அவர்களுக்கென 1894இல் அடையாற்றில் இலவசப் பாடசாலையைத் தொடங்கியவர், வேற்று நாட்டினராகிய கேணல் ஒல்கொட். அது இன்றும் ஒல்கொட் நினைவுப் பள்ளி என்னும் பெயரோடு வறிய பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ வேறாகவோ இருத்தப்பட்டனர். நன்கொடை பெறும் பாடசாலையிற் பிள்ளைகள் யாவருக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்று 1929, 1930ஆம் ஆண்டுகளிற் கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது, சைவப் பெரியோர் பலர் அதனை எதிர்த்து முறையிட்டனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிப காங்கிரசைச் சார்ந்த இளைஞரோ சம ஆசனத்தை ஆதரித்து நின்றனர்.

நம் சமூகத்துக்குப் பெருமை தராத இச்செய்தியை நாமே எழுதிவைத்தல் கடன். ஏனெனில் இதிலிருந்து பிறக்கும் பாடம் பெரிது. ஊரார் கையிற் பாடசாலை இருப்பது நன்று. ஆனால் ஊரின் குற்றமும் அதனோடு பாடசாலைக்குட் புகும். அப்போது தரையிலிருந்த பிள்ளையை வாங்கில் ஏற்றிய கை, பொதுப் பணத்தோடு வந்த நிபந்தனையின் கையே. நன்கொடையைத் தடையின்றி வழங்கி நிபந்தனையைக் கைவிடும் அரசு, பலமுடையோருக்கே துணைநிற்கும். அமெரிக்கப் பட்டயச் சட்டங்கள் குலுக்கல் முறையை விதிப்பதன் கருத்தும் இதுவே. வாயிலிற் காவல் நிற்பவன் தன் விருப்பப்படி பிள்ளையைத் தெரியலாகாது.

1945உம் 1960உம்

கன்னங்கரா குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாக, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உதவி நன்கொடைப் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுத்தது. நிருவாகம் முகாமையாளரிடம் இருந்தது. சம்பளம் ஒரிடத்தும் அதிகாரம் வேறிடத்தும் ஆயின. முகாமையாளரின் சமயம், உறவு, விருப்பு வெறுப்பு என்பன ஆசிரியர் நியமனத்திற் செல்வாக்குற்றன என்னும் முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலை ஒரு சமயத்துக்கு ஆள்சேர்க்கும் இடமாகலாமா என்றும் கேட்கப்பட்டது. ஈற்றில் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால், அவ்வாண்டு திசம்பர் முதலாந் திகதி பெரும்பாலான உதவி நன்கொடைப் பாடசாலைகள் அரசின் நிருவாகத்துள் வந்தன. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் சொத்துக்களை அரசுடைமையாக்கியதோடு, 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை நிறுவுவதையும் தடுத்தது. ஆதலின் பட்டயப் பாடசாலையை இந்நாட்டில் இன்று ஒருவர் தொடங்க இயலாது. சர்வதேசப் பாடசாலைகள் எனப்படுவன கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுக் கட்டணத்துக்குக் கற்பிப்பவை. வறிய பிள்ளைக்கு அவற்றின் படியேற வழியில்லை.

இம்மாற்றத்தால் நன்மையும் விளைந்தது. ஆசிரியரின் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதிபெற்றன. சமயம் காரணமாகப் பிள்ளையைத் தள்ளும் வழக்கம் தளர்ந்தது. இழப்பும் உண்டு. பாடசாலை 'எங்களுடையது' என்னும் எண்ணம் ஊரைவிட்டு நீங்கிற்று. கூரை ஒழுகினால் முன்பு ஊரார் ஓலையோடு வந்தனர். பின்பு வலயக் காரியாலயத்துக்கு மனு எழுதிக் காத்திருக்கலாயினர்.

பாடசாலை நிறுவுவோர் ஆராயவேண்டியவை

மேற்கூறிய வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, வறியோர் வாழும் பகுதியிற் பாடசாலை நிறுவுவதற்கு இன்றியமையாதன சில புலப்படும்.

முதலாவது, பிள்ளைகளை எண்ணுதல். எத்தனை பிள்ளைகள் உளர், யார் பாடசாலைக்குச் செல்லவில்லை, ஏன் செல்லவில்லை என்பதை வீடுவீடாகச் சென்று அறிதல் வேண்டும். கட்டடம் இல்லாமையால் வராத பிள்ளைக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருத்தலால் வராத பிள்ளைக்கும் மருந்து ஒன்றன்று.

இரண்டாவது, பொறுப்பேற்கும் சபை. அதில் அப்பகுதிப் பெற்றோரும், சிறப்பாகத் தாய்மாரும், இடம்பெறல் வேண்டும். வெளியூர்ப் புரவலர் மட்டும் கூடிய சபை, அவர்தம் ஊக்கம் குன்றியதும் குலைந்துவிடும்.

மூன்றாவது, வாக்குறுதியை எழுத்தில் வைத்தல். மூன்றாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தானாக வாசித்துப் பொருள் கூறும் என்பது போன்ற தெளிவான இலக்கு வேண்டும். அதனோடு அளக்கவியலாத நலன்களாகிய ஒழுக்கம், இசை, விளையாட்டு என்பவற்றுக்கும் நேரத்தை ஒதுக்கி எழுதுதல் வேண்டும்; இல்லையேல் பரிசோதகர் காலத்து நெட்டுருவே திரும்பி வரும்.

நான்காவது, ஆசிரியர். அவர் நிலைத்திருத்தற்கு ஏற்ற சம்பளமும், தங்குமிடமும், பயிற்சியும் அமைதல் வேண்டும். சைவ வித்தியா விருத்திச் சங்கம் பாடசாலைகளோடு ஆசிரிய கலாசாலையையும் நிறுவிய முன்யோசனை இங்கு நினைக்கத்தக்கது.

ஐந்தாவது, கணக்கு. வரவு செலவு பெற்றோர் காண அறிவிக்கப்படல் வேண்டும். அமெரிக்காவில் மூடப்பட்ட பட்டயப் பாடசாலைகள் பல, கற்பித்தலிற் குறைவுபட்டதனால் மட்டுமன்றிப் பண நிருவாகத்தின் சீர்கேட்டாலும் மூடப்பட்டன. பாடசாலை மூடப்படின் பிள்ளைகள் எங்குச் செல்வர் என்பதையும் தொடக்கத்திலேயே வரையறுத்தல் அறமாகும்.

நம் கரையோரத்தில்

புத்தளம் மாவட்டக் கரையோரம் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. பருவந்தோறும் வாடியமைத்துத் தங்கி மீன்பிடிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், ஆண்டில் இரு ஊர்களுக்கு உரியவர். ஈரூர்ப் பாடசாலைக்கும் முழுமையாக உரியவரல்லர். தமிழ் மொழியிற் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்க ஆசிரியரைப் பெறுவதும், பெற்றபின் வைத்திருப்பதும் இங்கு எளிதன்று.

இக்கரையோரம் பாடசாலை நிறுவும் முயற்சியை அண்மைக் காலத்திலேயே கண்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முகாம்களில் தங்கினர். உள்ளூர்ப் பாடசாலைகளில் மாலை வேளையிலும், முகாம்களின் ஓலைக் கொட்டில்களிலும் அவர்தம் பிள்ளைகள் கற்றனர். உடன் வந்த ஆசிரியரே அவர்களுக்குக் கற்பித்தனர். வீட்டை இழந்தோர் பாடசாலையை இழக்க ஒருப்படவில்லை. நாவலர் காலத்து வண்ணார்பண்ணைக்கும் இம்முகாம்களுக்கும் சமயம் வேறு, காலம் வேறு. முயற்சியின் இயல்பு ஒன்றே.

இன்றைய சட்டத்துள் நின்று நாம் செய்யத்தக்கது யாது? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முன்பள்ளி நிறுவத் தடையில்லை. மாலை நேர வாசிப்பு நிலையம் நடத்தத் தடையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அது பரிசளிப்பு விழாவுக்குப் பணம் திரட்டும் குழுவாகச் சுருங்கிவிடாது, எழுத்தில் வைத்த இலக்கோடு பெற்றோரும் ஆசிரியரும் ஆண்டுதோறும் கூடிக் கணக்குப் பார்க்கும் சபையாக உயரலாம். பட்டயத்தின் உயிர், சொன்ன சொல்லும் அதனைச் சோதிக்கும் நாளுமே. அவ்வுயிரை அரசாங்கப் பாடசாலைக்குள்ளும் புகுத்தலாம்; அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

பழைய முகாமையாளர் ஆட்சியைத் திரும்ப அழைத்தல் நம் நோக்கமாகலாகாது. சம ஆசனத்துக்காகத் திணைக்களத்தின் கட்டளை வரும்வரை பிள்ளைகள் தரையில் இருந்த காலம் அது. அவ்வாறே, யாவற்றையும் அரசே செய்யும் என்று ஊர் கைகட்டியிருத்தலும் தகாது. பொருள் பொதுவினதாகவும், பொறுப்பு ஊராரதாகவும், நிபந்தனை அனைத்துப் பிள்ளைகளுக்கும் சமமானதாகவும் அமையுமிடத்தே கல்வி வேரூன்றும். இந்துக் கல்லூரிகளிற் பயின்று வெளியேறிய பழைய மாணவர் தம் கல்லூரிக்கு மண்டபமும் கோபுரமும் எழுப்பும் பணியோடு, ஆசிரியரற்ற ஒரு கரையோரப் பாடசாலையை, அல்லது நகரச் சந்திலுள்ள ஒரு சிறு பாடசாலையை ஐந்தாண்டுக்குத் தத்தெடுத்து, எழுதிய இலக்கோடு துணைநிற்பாராயின், இக்கல்லூரிகளை நிறுவியோரின் கடன் ஓரளவேனும் தீர்க்கப்பட்டதாகும்.